பத்துக்கு நாலு

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20. பத்துக் கேள்விகள். சரியான பதில் நாலு.

அன்புள்ள சாய்மா அக்காவுக்கு ரெஹான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மயிலாப்பூரில் அத்தா, அம்மா, நான் மூவரும் நலம். கோயம்புத்தூரில் நீ, மச்சான், பிள்ளைகள் நலமா? விசாரித்துவிட்டேன். இனி விஷயம்.

மறதி நோய் பற்றி நான் அனுப்பிய செய்திகளுக்காக வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்தது சரியில்லை. ஒரே நாளில் அத்தனை அனுப்பியது அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். போனில் கத்துகிறேனாம், அதனால் கடிதம்தான் எழுத வேண்டுமாம், அதிலும் ஸலாமும் நலமும் கட்டாயமாம். சரி. இரண்டு வருஷமாக அத்தாவுக்கும் உனக்கும் மாதா மாதம் தபால் ஓடுகிறது. போன் இருக்கிற காலத்தில் எதற்கென்று புரியவில்லை. அந்த வரிசையில் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அத்தாவுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். போன ரமலானில் நடந்தது உனக்குத் தெரியும். தராவீஹ் தொழுகையில் இமாம் குர்ஆனை மனப்பாடமாக ஓதும்போது நேர் பின்னால் நின்று கேட்டு, தப்பு வந்தால் எடுத்துக்கொடுப்பது முப்பது வருஷமாக அத்தாவின் இடம். முழுக் குர்ஆனும் நெஞ்சில் இருக்கிற ஹாஃபிழ் அவர். போன ரமலானில் இமாம் மூன்று இடத்தில் தடுமாறினார். அத்தா பேசாமல் நின்றார். இமாமே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டியதாயிற்று. பள்ளிவாசல் செயலாளர் சர்தார் மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னாடா, உங்க அத்தாவுக்கு மறதி வந்துடுச்சா?" என்று கேட்டார்.

அதிலிருந்து கவனிக்கிறேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை. எதைக் கேட்டாலும் "சரி சரி" என்கிறார். இன்றைக்கு, குடும்பத்தார் வீட்டிலேயே செய்து பார்க்கிற சோதனை ஒன்றை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு வாசித்தேன். பதில்களை அப்போதே தட்டிக்கொண்டேன். ஐந்து வார்த்தைகளைச் சொல்லித் திரும்பக் கேட்டால் இரண்டோடு நின்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் ஜன்னலைப் பார்த்தார். கடிகாரம் வரைவது, படத்தைப் பார்த்து வரைவது, தேதி எழுதுவது, பொருளைப் பார்த்துப் பெயர் சொல்வது, இவை மட்டும் சரி.

நோய்க்கு வழிவிடும் காரணங்கள் என்று உனக்கு அனுப்பிய செய்தி ஒன்றில் ஒரு பட்டியல் இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தனிமை, இவற்றை டிக் செய்தேன். சிகரெட், குடி, தலையில் அடி, காது கேளாமை, இவற்றை அடித்துவிட்டேன். குர்ஆனின் முப்பது பாகத்தையும் காதால் கேட்டே திருத்துகிற மனிதருக்குக் காதில் என்ன குறை?

அத்தாவுக்காக துஆ செய். பதிலும் போடு.
ரெஹான்

*

கோயம்புத்தூர்
22.7.2025

அன்புத் தம்பி ரெஹானுக்கு, வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு மட்டும் சளி. நீ நலம் விசாரித்த வேகம், ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவன் மாதிரி இருந்தது. பரவாயில்லை, ஏறிவிட்டாய்.

அத்தாவுக்கு மறதி என்று நீயே தீர்ப்பு எழுதாதே. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவரிடம் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு பேசாதே. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசு. நிதானமாகப் பேசு. மிக்ஸியோ டிவியோ ஓடும்போது எதுவும் கேட்காதே. மரியாதைப் பாடம் நடத்துகிறேன் என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. முறைத்துக்கொண்டே செய்.

பள்ளிவாசலில் யாரிடமும் எதுவும் சொல்லிவிடாதே. பாண்டி பஜார் கைப்பைக் கடையைக் கைமாற்றிய பிறகு அவருக்கு என்ன இருக்கிறது? அந்த ஒரு மாதத்துக்காகத்தான் வருஷம் முழுக்கக் காலையில் உட்கார்ந்து ஓதிப் பார்க்கிறார். அந்த இடம் போனால் என்ன ஆவார் என்று யோசித்துப் பார்.

இன்னும் ஒன்று எழுத நினைத்தேன். வேண்டாம்.

அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும். நிறையவே தரட்டும்.
சாய்மா

*

மயிலாப்பூர்
10.8.2025

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். நலம். சின்னவள் சளி போனதா? ஆவி பிடிக்கச் சொல்.

மரியாதைப் பாடத்துக்கு நன்றி. எனக்கு வேண்டியது தகவல். அதே கேள்விகளை அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். அம்மா அத்தாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேரே கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பத்துக்கு எட்டு. மறுநாள் நான் கேட்டேன். நாலு. அம்மா ஜாடை காட்டி உதவுகிறாள் என்பது என் முடிவு. அவள் கேட்டு வந்த மார்க்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. சொன்னதும் அம்மா, "உங்க அத்தா என் பேச்ச கேக்காதது நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து. அதுக்கு இன்னா டெஸ்ட் வெக்கப் போற?" என்றாள்.

மறதி நோயாளிகளைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கு அடையாறில் மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது. போனேன். உபயோகமான இடம். வெளியே போய் வழி தவறினால் உதவ, பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைப்பது, வாசல் கதவுக்கு மணி கட்டுவது, கவனிப்பவர் வாரம் ஒரு பொழுதாவது வெளியே போய் மூச்சுவிடுவது என்று நிறையச் சொல்லித் தந்தார்கள். கே.கே. நகரிலிருந்து சுலோச்சனா என்று ஓர் அம்மா வருகிறார். அவர் கணவருக்கு ஆறு வருஷமாக இந்த நோய். இப்போது மனைவியையே யாரென்று கேட்கிறாராம். நான் அத்தாவின் மார்க்குகளை வரைபடமாகப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க அவர பாத்துக்கறீங்களா, பரீட்சை வெக்கறீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே சொன்னபடி வீட்டில் ஒவ்வொரு கதவிலும் பெயர் எழுதி ஒட்டினேன். 'கழிவறை' என்ற தாளை அத்தா உரித்து என் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். 'பொருள்களை இடம் மாற்றி வைத்தல்' என்று குறித்துக்கொண்டேன். அது முக்கியமான அறிகுறி.

சர்தார் மாமாவிடம் சொல்லத்தான் வேண்டும். ரமலானுக்கு வேறு ஆள் தேட அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

துஆவுடன்,
ரெஹான்

*

கோயம்புத்தூர்
19.8.2025

அன்புத் தம்பிக்கு, ஸலாம். சின்னவள் சளி போய்ப் பெரியவளுக்கு வந்திருக்கிறது. மற்றபடி நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி?

கழிவறைத் தாளைப் படித்து நானும் மச்சானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அடேய், அது அறிகுறி இல்லை. நக்கல்.

சர்தார் மாமாவிடம் இப்போது போகாதே. முதலில் அத்தாவை முழுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போ. ரத்தம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. கண், காது, பல், ஒன்றையும் விடாதே. ஒன்றையும். அதற்குப் பிறகு யாரிடம் வேண்டுமானாலும் போ. அல்லாஹ்வுக்காகக் கேட்கிறேன், இந்த ஒரு முறை நான் சொல்கிற வரிசையில் செய்.

சாய்மா

*

மயிலாப்பூர்
7.9.2025

அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் மாற்றியாயிற்று.

பரிசோதனை முடிந்தது. ரத்தம், தைராய்டு, வைட்டமின், தலை ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. சர்க்கரை கொஞ்சம் கூட, மற்றவை வயசுக்குத் தகுந்தபடி. கண்ணாடி மாற்றினோம். பல்லும் காதும் வேறு வேறு டாக்டர், லீவு கிடைக்கவில்லை.

சர்தார் மாமாவிடம் சொல்லிவிட்டேன். நீ கோபப்படுவாய். ஆனால் தொழுகையில் தப்பு போய்விடக் கூடாது, அது அத்தாவைவிடப் பெரிய விஷயம். போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, நாலு பேர் நிற்கும்போது, மாமா அத்தாவின் தோளில் கைபோட்டு, "ஹபீபு, வர்ற ரமலானுக்கு நீ ரெஸ்ட் எடு, சின்னப் பையன் ஒருத்தன பாத்து வெச்சிருக்கோம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அத்தா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

அன்றிலிருந்து முதல் வரிசையில் நிற்பதில்லை. கடைசி வரிசையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தொழுகிறார். காலையில் ஓதிப் பார்ப்பதும் நின்றுவிட்டது. என்னோடு பேசுவதில்லை. சோர்வும் ஒரு அறிகுறி என்று குறித்து வைத்தேன். பிறகு அந்த வரியை அழித்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

பதில் போடு.
ரெஹான்

*

மயிலாப்பூர்
12.10.2025

அக்கா, ஸலாம். நலமா?

ஒரு மாதமாக உன்னிடமிருந்து எனக்கு ஒரு வரிகூட இல்லை. ஆனால் அத்தாவுக்கு மட்டும் மூன்று கவர் வந்தது. மேஜையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அவர் பேனாவை அழுத்தி அழுத்தி உனக்குப் பதில் எழுதுகிறார். என்ன எழுதுகிறீர்கள்?

இந்த வீட்டில் விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குப் பிறகு அவர் குரல் கேட்காமல் நான் எழுந்ததே இல்லை. இப்போது அலாரம் வைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

ரெஹான்

*

கோயம்புத்தூர்
25.11.2025

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நலம். இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. அதை எழுத எனக்கு உரிமையில்லை.

ஒன்று மட்டும் செய். அதே பத்துக் கேள்விகள். வாயால் கேட்காதே. தாளில் எழுதி அத்தாவின் கையில் கொடு. கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்.

துஆவுடன்,
சாய்மா

*

மயிலாப்பூர்
30.11.2025

பத்துக்குப் பத்து.

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ, மச்சான், பெரியவள், சின்னவள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது, கேட்கிறேன்.

தாளைக் கொடுத்ததும் அத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து வார்த்தைகளைக் காட்டி மறைத்து, ஐந்து நிமிஷம் கழித்து வெறும் தாளை நீட்டினேன். ஐந்தையும் எழுதினார், அதே வரிசையில். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தது கடைக்காரர் வேகத்தில். நான்தான் சரிபார்க்கத் தடுமாறினேன்.

பிறகு நான் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன். சாதாரணக் குரலில், "அத்தா, சர்தார் மாமா வந்திருக்கார்" என்றேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அக்கா, நான் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று தருகிற இன்ஜினியர். எண் தப்பாக வந்தால் மற்றதையெல்லாம் குறை சொல்லுமுன் சென்சாரைப் பார் என்று, புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்கிறவன். கேள்வியை லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டே வாசித்திருக்கிறேன். அம்மா எதிரே உட்கார்ந்து வாயைக் காட்டிக் கேட்டதும் எட்டு வந்தது. அந்த எட்டைத் தூக்கிப் போட்டேன். இத்தனை மாதம் நான் அளந்தது அவருடைய ஞாபகத்தை இல்லை.

முன்னால் வந்து, 'காது கேட்கவில்லையா?' என்று எழுதிக் காட்டினேன். அதை அவர் ரொம்ப நேரம் படித்தார். இரண்டே வார்த்தை, அதற்கு அவ்வளவு நேரம். பிறகு சொன்னார்: "வீட்ல, கடையில, எல்லார் ஒதட்டையும் பாத்து சமாளிச்சேன்டா. தொழுகைல இமாமோட முதுகுதான் தெரியுது. முதுகுல ஒதடு இல்லியே."

உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்?

ரெஹான்

*

கோயம்புத்தூர்
8.12.2025

அன்புத் தம்பி ரெஹானுக்கு, வ அலைக்கும் ஸலாம். எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பீரியட் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷமாகத் தெரியும். இங்கே வந்திருந்தபோது ஒரு டாக்டரிடம் காட்டினோம். மெஷின் வைக்கச் சொன்னார்.  வீட்டு வாசலில் அத்தா என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். காது போன ஆளை இமாமுக்குப் பின்னால் யார் நிறுத்துவார்கள் என்பது அவர் பயம். "ரெஹானுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவனுக்குத் தெரிஞ்சா ராத்திரிக்குள்ள சர்தாருக்குத் தெரியும்" என்றார். அவர் கணக்கு எங்கே தப்பியது என்று நீயே சொல்.

போனில் அவருக்கு என் பேச்சு கேட்காது. அதனால்தான் கடிதம். நீ அவரை அந்த இடத்திலிருந்து இறக்கிய பிறகு, வாக்கிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி இரண்டு மாதம் அவரோடு எழுத்திலேயே சண்டை போட்டேன். கடைசியில், "நீ சொல்லாதே. அவனாகக் கண்டுபிடித்தால் நான் மறுக்க மாட்டேன்" என்று எழுதினார். அந்தப் பொடி இடைவெளியில் நுழைந்துதான் உனக்கு அந்த நாலு வரி எழுதினேன்.

வருத்தப்பட்டுக்கொண்டு உட்காராதே, உனக்கு அது வராது. ரமலானுக்கு இரண்டரை மாதம் இருக்கிறது. உன் அவசரத்துக்கு இப்போதுதான் நல்ல வேலை வந்திருக்கிறது. ஓடு.

சாய்மா

*

மயிலாப்பூர்
18.1.2026

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். அம்மாவின் முட்டியும் நலம். ஓடுகிறேன், அதனால்தான் தாமதம்.

அடையாறில் ஹம்சினி என்று காது பரிசோதிக்கிற பெண் இருக்கிறார். என்னைவிடச் சின்னவர், என்னைவிடக் கறார். அத்தாவைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார். அத்தா டக் டக்கென்று அமுக்கினார். பாதி முடிந்ததும் ஹம்சினி எழுந்து போய் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். "சார் என் கை எப்ப அசையுதுன்னு பாத்து அமுக்கறார்" என்றார். அத்தா மாட்டிக்கொண்ட பையன் மாதிரி சிரித்தார். அதற்குப் பிறகு, ஒலியை ரொம்பக் கூட்டும்வரை பட்டன் அசையவே இல்லை. 

இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் அத்தா கேட்ட முதல் கேள்வி, "இந்த ஃபேன் எப்பலேர்ந்து இப்டி அழுவுது?" சமையலறையில் அம்மா முணுமுணுப்பதற்கெல்லாம் கூடத்திலிருந்து பதில் சொல்கிறார். "முன்னாடியே தேவல" என்கிறாள் அம்மா.

மெஷினோடு ஞாபக டாக்டரிடமும் காட்டினோம். அவர் கேட்டார், நான் வெளியே உட்கார்ந்தேன். வயசுக்குத் தகுந்த ஞாபகம், இப்போதைக்கு நோய் இல்லை. காது கேளாமையை அப்படியே விட்டால் பின்னால் மறதி நோய் ஆபத்து கூடும், மெஷின் வைத்தால் வரவே வராது என்று சத்தியம் செய்ய முடியாது, வருஷம் ஒரு முறை வாருங்கள் என்றார். பட்டியலில் நான் அடித்துவிட்ட வரி அது.

அடுத்தது கேள். முதல் வெள்ளிக்கிழமை மெஷினோடு பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகையைத் தொடங்க 'அல்லாஹு அக்பர்' என்று இரு கையையும் காதருகே தூக்கினார். உள்ளங்கை மெஷினுக்குப் பக்கத்தில் போனதும் கூ என்று விசில். மொத்தப் பள்ளிவாசலும் கேட்டது. தொழுது முடிந்ததும் சர்தார் மாமா, "இன்னா ஹபீபு, காதுல குக்கர் வெச்சிக்கினு வந்துட்டியா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அத்தா இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இது எனக்குத் தெரிந்த வியாதி. மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வருவது. அன்று மாலையே ஹம்சினியிடம் போனோம். காதுக்குள் இறுக்கமாக உட்காரும்படி புது அச்சு எடுத்தார், விசிலை அடக்கும்படி மெஷினின் அமைப்பை மாற்றினார். அத்தா கையைத் தூக்கி இறக்க, நான் இந்தப் பக்கமும் ஹம்சினி அந்தப் பக்கமுமாகக் காதை நீட்டிக்கொண்டு நின்றோம். வெளியே காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கடைசியில் விசில் செத்தது.

பள்ளிவாசலில் தூணில் இருந்த ஸ்பீக்கர் சுவரைப் பார்த்து இருந்தது, எதிரொலி. ஏணி போட்டு ஏறி நானே திருப்பினேன். பிறகு சர்தார் மாமாவிடம் நின்று, நான் சொன்னது தப்பு, அத்தாவுக்கு மறதி இல்லை என்றேன். அதைச் சொல்ல ஏணியைவிட உயரம் ஏற வேண்டியிருந்தது. மாமா ஒரு நிபந்தனை போட்டார். இமாம் முதுகைக் காட்டி நின்று நடுநடுவே வேண்டுமென்றே தப்பாக ஓதுவார். அத்தா கண்டுபிடிக்க வேண்டும். நேற்று நடந்தது. ஒன்றை விட்டுவிட்டார், இமாம் இருமிக்கொண்டே ஓதியதை. மற்ற எல்லாவற்றையும் பிடித்தார். "சரி, அந்தப் பையனும் நிக்கட்டும், இவனும் பக்கத்துல நிக்கட்டும், பாப்போம்" என்றார் மாமா.

பாப்போம் என்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இன்று காலை அலாரம் தேவைப்படவில்லை.

ரெஹான்

*

கோயம்புத்தூர்
5.2.2026

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். நோன்புப் பெருநாளுக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று, நாலு பேரும் வருகிறோம்.

அத்தாவின் கடிதம் வந்தது. உன்னைப் பற்றி ஒரு வரி: 'உன் தம்பி இப்போதெல்லாம் பேசுமுன் எதிரே வந்து நிற்கிறான். மீன் வாங்கிய வீட்டுப் பூனை மாதிரி இருக்கிறது.' இன்னொரு வரியும் இருந்தது: 'எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தப்பிவிட்டால், இனி அந்தப் பக்கமே போக மாட்டேன்.'

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ மார்க் போடாதே. பின்னால் நின்று தொழு, அது போதும்.

துஆவுடன்,
சாய்மா

*

2026 பிப்ரவரி 25, புதன்கிழமை, காலை 6.10. எடுத்துக்கொடுத்தது ஒன்று. தப்பவிட்டது ஒன்றுமில்லை.

அன்புள்ள சாய்மா அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா நலம், அம்மா நலம், நான் ரொம்ப நலம். நீ, மச்சான், பெரியவள், சின்னவள் நலமா? நோன்பு எப்படிப் போகிறது? சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கவில்லை, எழுதியே தீர வேண்டும்.

நேற்று ஏழாம் தராவீஹ். முதல் ஆறு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. இமாம் தண்ணீர் மாதிரி ஓதினார். அத்தாவும் புதுப் பையனும் பக்கத்தில் பக்கத்தில், இமாமுக்கு நேர் பின்னால். நான் மூன்றாம் வரிசை. சர்தார் மாமா இரண்டாவதில், அத்தாவின் முதுகைப் பார்த்தபடி. ஒவ்வொரு முறை அத்தா கையைக் காதருகே தூக்கும்போதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். விசில் வரவில்லை.

நேற்று ஓதியதில் மூஸா நபி சூனியக்காரர்களைச் சந்திக்கும் கட்டம். அது குர்ஆனில் வேறு இடங்களிலும் வருகிறது, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளோடு. ஜங்ஷன் மாதிரி, கொஞ்சம் அசந்தால் ரயில் வேறு தண்டவாளத்துக்கு மாறிவிடும். இமாம் மாறிவிட்டார். எனக்கு அது தெரியாது. குரலில் ஒரு தடங்கல்கூட இல்லை, அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதுப் பையனும் பேசவில்லை.

அத்தா எடுத்துக்கொடுத்தார்.

சத்தம் போடவில்லை. பஜ்ருக்குப் பிறகு நம் வீட்டில் கேட்கிற அதே குரல். இமாம் நின்றார். பள்ளிவாசலில் மின்விசிறிகள் மட்டும் ஓடின. ஒரு மூச்சு நேரம், அத்தா தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று நான் செத்துப் பிழைத்தேன். இமாம் அத்தா சொன்ன இடத்தை எடுத்து, அங்கிருந்து ஓதிக்கொண்டு போனார்.

தொழுகை முடிந்ததும் இமாம் திரும்பி அத்தாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புதுப் பையன், எனக்கும் வழி மாறியது தெரியவில்லை, எந்த இடத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு அத்தாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சர்தார் மாமா வந்து, "இன்னா ஹபீபு, மெஷின் நல்லா வேலை செய்யுதே" என்றார்.

"கேட்டது மெஷினு. எடுத்துக்குடுத்தது நானு" என்றார் அத்தா.

இந்த முறை சிரித்த நாலு பேரும் சர்தார் மாமாவைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

கச்சேரி ரோட்டில் நடந்து வந்தோம். சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம், ஆட்டோ ஹாரன், பைக். முன்பெல்லாம் இந்தச் சத்தத்தில் அவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது. திடீரென்று, "பத்துக்கு எத்தனைடா?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்திருக்கிறது அக்கா. நான் லேப்டாப்பில் தட்டியதெல்லாம்.

அவர் முன்னால் ஓடிப்போய், முகத்தைப் பார்த்து நின்று, "பத்து" என்றேன்.

"முன்னால வந்து நிக்காத, வண்டி வருது. பக்கத்துல நடந்தே சொல்லு. கேக்குது."

பக்கத்தில் நடந்தே இன்னொரு முறை சொன்னேன்.

நேற்றிரவே சுலோச்சனா அம்மாவுக்கும் போன் செய்தேன். அவர் கணவருக்கு இருப்பது நிஜமான நோய், அவருக்கு மாற்றிவைக்க ஒரு சென்சார் இல்லை. அதை நினைத்துத் தயங்கித்தான் சொன்னேன். அவர், "ஒரு வீட்லயாவது ஜெயிச்சோமே. எனக்குப் பெருநாள் பிரியாணி வேணும், கோழி வேணாம், காய்கறி" என்றார்.

அல்லாஹ் உன் வாக்குக்கும் உன் தந்திரத்துக்கும் சேர்த்து நற்கூலி தரட்டும். கடிதத்தை முடிக்கிற வஸ்ஸலாமை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் செய்யப்போவதை எழுதி முடிக்கப்போகிறேன்:

1. லேப்டாப்பில் அத்தா பெயரில் இருக்கும் கோப்பை அழிக்க மாட்டேன். முதல் வரியாக ஒன்று சேர்ப்பேன்: 'சோதித்தவன் தலை நிமிரவில்லை.'

2. வருஷம் ஒரு முறை அத்தாவை ஞாபக டாக்டரிடம் கூட்டிப் போவேன். கேள்விகளை அவர் கேட்பார். நான் வெளியே உட்காருவேன்.

3. சனிக்கிழமை மதியங்களில் கே.கே. நகர் போய் சுலோச்சனா அம்மாவின் கணவரோடு இருப்பேன். அந்த அம்மா எங்கே வேண்டுமானாலும் போய் வரட்டும். மார்க் போட மாட்டேன்.

4. பெருநாள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை ஹம்சினியைப் பள்ளிவாசலுக்கு வரவழைத்து, அறுபது தாண்டிய எல்லோருக்கும் காது பார்க்க ஏற்பாடு செய்வேன். முதல் ஆள் சர்தார் மாமா. இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் "இன்னா? இன்னா?" என்கிறார்.

5. கழிவறை என்ற தாள் என் அறைக் கதவில் அப்படியே இருக்கும். நீ வந்து பார்த்துச் சிரித்துக்கொள்.

6. பெருநாளுக்கு நீங்கள் வரும்போது சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன். அத்தா தனியாக வருவார். எந்த பிளாட்பாரம் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், அவரே கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்.